மெக்கானிக்கல் எடுத்தது தவறா?

பொறியியல் மாணவர் கேள்வி – பதில்

(கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன. பதில் எழுதுபவர் கோவைப் பகுதித் தொழிற்சாலைகளில் பணியாற்றி, பின்னர் கல்லூரியில் கற்பித்து ஓய்வு பெற்ற பொறியாளர்.)

கேள்வி: ஐயா, நான் மானாமதுரைப் பகுதியைச் சேர்ந்தவன். அப்பா மண்பாண்டத் தொழிலாளி. பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, அத்தகைய மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் கோவைக்கு அருகிலுள்ள ஒரு கல்லூரியில் பி.இ. மெக்கானிக்கல் சேர்ந்தேன். முதல் பருவத்தில் வகுப்பில் சொன்னதில் பாதி விளங்கவில்லை. பள்ளியில் கணக்கில் தொண்ணூறுக்குக் குறையாதவன், கல்லூரியில் கணிதத் தாளிலேயே அரியர் வைத்தேன். பிறகு எழுதித் தேறிவிட்டேன். இப்போது ஐந்தாம் பருவம், சி.ஜி.பி.ஏ. 7.1, அரியர் எதுவும் இல்லை. எனக்கு டிசைன் துறையில் வேலை பார்க்க ஆசை. ஆனால் சீனியர் அண்ணன்களில் பெரும்பாலோர் மென்பொருள் நிறுவனங்களுக்கே போயிருக்கிறார்கள். கோர் கம்பெனியில், அதாவது படித்த துறையிலேயே வேலை தரும் நிறுவனத்தில், சம்பளம் குறைவு, கேம்பஸுக்கும் அவர்கள் வருவதில்லை என்கிறார்கள். கோடிங் கற்கவா, எம்.டெக். சேர்வதற்கான கேட் தேர்வுக்குப் படிக்கவா, அரசுத் தேர்வு எழுதவா? மெக்கானிக்கல் எடுத்ததே தவறா?
– மூன்றாம் ஆண்டு மாணவர், சிவகங்கை மாவட்டம்

பதில்: தவறில்லை. ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகும் ஒன்று புலப்படவில்லை. டிசைன் துறையில் ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். எதை டிசைன் செய்ய ஆசை என்று எழுதவில்லை. பம்பா, பற்சக்கரப் பெட்டியா, அச்சு வார்ப்பா, வண்டியின் தொங்கலமைப்பா (சஸ்பென்ஷன்)? நான் கற்பித்த காலத்தில் ஆண்டுதோறும் அறுபது பேரிடம் இந்தக் கேள்வியைக் கேட்பேன். நான்கைந்து பேரைத் தவிர மற்றவர்கள் ஒரு மென்பொருளின் பெயரைத்தான் பதிலாகச் சொல்வார்கள். சாலிட்வொர்க்ஸ் தெரியும் என்பது பேனா பிடிக்கத் தெரியும் என்பதைப் போன்றது. எழுத ஒரு பொருள் வேண்டும் அல்லவா?

அதற்கு வருமுன் முதல் பருவத்து அரியரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அது இன்னும் உங்கள் மனத்தை உறுத்துகிறது என்பது எழுத்திலேயே தெரிகிறது. தமிழ் வழியில் வந்த மாணவர்கள் முதல் ஆண்டுக் கணிதத்தில் சறுக்குவதை நான் பதினைந்து ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோருக்குக் கணக்கு வராமல் இல்லை. பள்ளியில் அணி என்று பழகியதை இங்கே மேட்ரிக்ஸ் என்கிறார்கள், வகைக்கெழுவை டெரிவேட்டிவ் என்கிறார்கள், தொகையிடலை இன்டக்ரேஷன் என்கிறார்கள். தெரிந்த ஆளே புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். அடையாளம் கண்டுகொள்வதற்குள் பருவம் முடிந்துவிடுகிறது. இதற்கு நான் கண்ட எளிய வழி, ஒரு நோட்டில் நடுவே கோடு கிழித்து இடப்பக்கம் ஆங்கிலச் சொல்லையும் வலப்பக்கம் நீங்கள் பள்ளியில் படித்த சொல்லையும் எழுதி வருவது. ஐந்தாம் பருவத்தில் இது எதற்கு என்று நினைக்க வேண்டாம். வரவிருக்கும் வெப்பப் பரிமாற்றத் தாளுக்கும், பின்னர் நேர்முகத் தேர்வில் உங்கள் வேலையை உங்கள் வாயால் விளக்குவதற்கும் அந்த நோட்டு உதவும்.

வகுப்பறைக் கணக்கு கையில் இறங்க எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு என் கதையையே சொல்கிறேன். படித்து முடித்த முதல் ஆண்டில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சியாளனாக இருந்தேன். கன்மெட்டல் புஷ்களில் (தண்டு பொருந்தும் உலோக உருளை வளையங்களில்) 25 மில்லிமீட்டர் துளை கடைய வேண்டும், ‘எச்7’ அளவு. அதாவது துளை 25.000-க்குக் குறையவும் கூடாது, 25.021-ஐத் தாண்டவும் கூடாது. லேத்தில் கடைந்து, கையோடு கையாக அளந்து, சரியாக இருக்கிறது என்று நாற்பது புஷ்களை அடுக்கி வைத்துவிட்டு, பெருமையோடு தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது ஃபோர்மேன், துளைக்குள் நுழைத்துப் பார்க்கும் பிளக் கேஜை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒரு புஷ்ஷிலும் கேஜ் நுழையவில்லை. கடையும்போது உலோகம் சூடாகித் துளை விரிந்திருந்தது, நான் சூட்டோடு அளந்தேன், ஆறியதும் சுருங்கிவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. ‘நாற்பது டிகிரி சூடு ஏறினால் இருபத்தைந்து மில்லிமீட்டர் எவ்வளவு விரியும், கணக்குப் போடு’ என்றார். போட்டேன். ஏறக்குறைய 0.018 மில்லிமீட்டர். அனுமதிக்கப்பட்ட மொத்த வேறுபாடே 0.021. நீள்விரிவுக் குணகத்தைத் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன்தான் நான். அந்தச் சூத்திரத்துக்கும் என் கையிலிருந்த புஷ்ஷுக்கும் உறவு உண்டென்பது அன்று பிற்பகல்தான் தெரிந்தது.

உங்களுக்கு அப்படியொரு பொருள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். மானாமதுரை மண்பாண்டத்துக்கும் கடத்துக்கும் பெயர் பெற்ற ஊர். அப்பாவின் சூளையை நீங்கள் சிறு வயதிலிருந்து பார்த்திருப்பீர்கள். ஆனால் ஒரு மெக்கானிக்கல் மாணவராகப் பார்த்திருக்க மாட்டீர்கள். எத்தனை கிலோ விறகு போகிறது? சூளையின் அடியிலும் நடுவிலும் மேலும் என்ன வெப்பநிலை? எந்த இடத்துப் பானைகள் அதிகம் விரிசல் விடுகின்றன? சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ‘கே’ வகைத் தெர்மோகப்பிள்கள் (வெப்பநிலை அளக்கும் உணரிகள்) நான்கு போதும். பல்கலைக்கழக ஆய்வகம் தேவையில்லை. ஓர் உத்தேசக் கணக்கு சொல்கிறேன். 400 கிலோ மட்கலங்களை 30 டிகிரியிலிருந்து 800 டிகிரிக்குக் கொண்டுபோக, மண்ணின் தன்வெப்பத்தை ஒரு டிகிரிக்குக் கிலோவுக்கு 0.9 கிலோஜூல் என்று கொண்டால், ஏறத்தாழ 277 மெகாஜூல் வேண்டும். அதற்கு 250 கிலோ விறகு எரிகிறது என்றும், காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 15 மெகாஜூல் தரும் என்றும் கொண்டால், 3,750 மெகாஜூல் உள்ளே போகிறது. பானைக்குச் சேர்வது நூற்றில் ஏழு பங்குதான். மிச்சம் எங்கே போயிற்று? புகையோடு எவ்வளவு, சுவர் வழியாக எவ்வளவு, மண்ணிலுள்ள ஈரத்தை விரட்ட எவ்வளவு? நான் எழுதியிருக்கும் எடைகள் வெறும் உதாரணம். உண்மையான எண்களை நீங்கள் எடைபோட்டு எழுத வேண்டும். அதன்பின் சூளையில் ஒரு மாற்றம் செய்து, விறகு குறைகிறதா என்று பார்த்தால், அதற்குப் பெயர்தான் டிசைன்.

இதையே இறுதியாண்டு புராஜெக்டாகச் செய்யுங்கள். ஊருக்கு ஊர் இருக்கும் புராஜெக்ட் சென்டர்களில் பணம் கட்டி, பிளைவுட் பலகையில் பொருத்திய ஏதோ ஒரு மோட்டாரை வாங்கி வராதீர்கள். புறத்தேர்வாளராகப் போன இடங்களில், ஒரே ஆண்டில் மூன்று கல்லூரிகளில் ஒரே மாதிரித் தானியங்கி ஜாக்கியைப் பார்த்திருக்கிறேன். மூன்றிலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப் பிழை. நேர்முகத் தேர்வில் ‘உங்கள் புராஜெக்ட்டைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பதுதான் வழக்கமாக முதலில் வரும் கேள்வி. தானே செய்த மாணவனின் ஆங்கிலம் தடுமாறினாலும் பேச்சு நிற்பதில்லை. வாங்கி வந்தவனின் ஆங்கிலம் எவ்வளவு சரளமாக இருந்தாலும் இரண்டாவது கேள்வியில் தீர்ந்துவிடும்.

கோர், ஐ.டி. என்ற பிரிவினையைப் பற்றி. தொடக்கச் சம்பளம் குறைவு என்று அண்ணன்கள் சொல்வது பல இடங்களில் உண்மை. அதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். கேம்பஸுக்கு வருவதில்லை என்பதும் ஓரளவு உண்மை. ஆனால் நீங்கள் படிப்பது கோவைக்கு அருகில். பம்பு, மோட்டார், வார்ப்படம், ஜவுளி இயந்திரம் என்று சிறிதும் பெரிதுமாக எத்தனையோ ஆலைகள் பேருந்தில் போய் இறங்கும் தூரத்தில் இருக்கின்றன. முப்பது பேர் வேலை செய்யும் நிறுவனம் கல்லூரிக்கு வந்து பந்தல் போட்டு ஆள் எடுக்காது. நாம்தான் வாசலுக்குப் போக வேண்டும். வரும் விடுமுறையில் குறிச்சி சிட்கோ போன்ற தொழிற்பேட்டையில் ஒரு மாதம் உட்கார அனுமதி கேளுங்கள். பத்து இடத்தில் கேட்டால் ஓரிடத்தில் கிடைக்கும். கோவை கொடிசியா வளாகத்தில் இன்டெக் இயந்திரக் கண்காட்சி நடக்கும்போது ஒரு நாள் முழுக்கச் சுற்றுங்கள். பை நிறைய விளம்பரத் தாள் வாங்கி வருவதை விட்டுவிட்டு, ஓடும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று கேள்வி கேளுங்கள். பட்டம் பெற்ற பிறகு ஓராண்டுத் தொழிற்பழகுநர் பயிற்சியும் உண்டு. சென்னைத் தரமணியில் இருக்கும் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் தென் மாநிலங்களுக்கு இதை நடத்துகிறது. மாத உதவித்தொகையில் ஒரு பங்கை மத்திய அரசே ஏற்கிறது. சம்பளமாகப் பார்த்தால் சொற்பம். சிறிய ஆலையின் கதவு திறக்க இதைவிட நேரான வழி குறைவு.

கோடிங்கைப் பகையாகக் கருத வேண்டாம். நான்கு தெர்மோகப்பிள்கள் பத்து மணி நேரம் தரும் எண்களைப் பைத்தான் நிரல்மொழியில் வரைபடமாக்கக் கற்றுக்கொண்டால் அதுவும் கோடிங்தான். அதற்காக மெக்கானிக்கலை விட்டு வெளியேற வேண்டியதில்லை. ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பட்டம் வாங்கிய மாதமே வீட்டுக்குச் சம்பளம் தேவை என்ற நிலை இருந்தால், முதலில் வரும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், அது மென்பொருளாக இருந்தாலும். அதில் தோல்வி எதுவும் இல்லை. 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் சேர்ந்ததால் கல்விக் கட்டணம் அரசு கட்டியிருந்தாலும் நான்கு ஆண்டுகள் ஒரு தொழிலாளியின் வீட்டில் ஒரு வருமானம் குறைந்திருக்கிறது. அந்தக் கணக்கு உங்களுக்கும் அப்பாவுக்கும்தான் தெரியும்.

கேள்வி: (அதே மாணவர்) கேட், தமிழ்நாடு அரசுத் தேர்வு இரண்டுக்கும் சேர்த்துப் படிக்க முடியுமா? தமிழ் வழியில் படித்ததற்கு முன்னுரிமை கிடைக்குமா?

பதில்: கேட் தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், பிப்ரவரியில் நடக்கும், அதற்கு முந்தைய ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் விண்ணப்பம் வரும். மதிப்பெண் மூன்றாண்டுகள் செல்லும். நூறு மதிப்பெண்களில் பொதுத் திறனறிவுக்கு 15, பொறியியல் கணிதத்துக்கு 13. அதாவது நான்கில் ஒரு பங்குக்கு மேல், பாடப்பிரிவைத் தொடாமலே வாங்கக்கூடியது. அந்தப் பதின்மூன்றில் நீங்கள் அரியர் வைத்த அதே அணிகளும் நுண்கணிதமும் இருக்கின்றன. இரண்டாம் முறை படித்துத் தேறியவருக்கு அவை ஒரே முறையில் தேறியவரைவிட நன்றாக நினைவிருக்கும் என்பது என் அனுபவம். கேட் வழியாக ஐ.ஐ.டி.களிலும் என்.ஐ.டி.களிலும் எம்.டெக். படிக்க மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. பொதுத்துறை நிறுவனங்கள் சிலவும் இந்த மதிப்பெண்ணைக் கொண்டு ஆள் எடுக்கின்றன. டிசைன் என்பதில் நீங்கள் உறுதியாக இருந்தால், எம்.டெக். அந்த ஆசைக்கு நெருங்கிய பாதை.

பாடப்பகுதியைப் பொறுத்தவரை கேட் தேர்வுக்குப் படித்தது டி.என்.பி.எஸ்.சி.யின் தொழில்நுட்பப் பணித் தேர்வுக்கும் பெருமளவு உதவும். அங்கே கட்டாயத் தமிழ்த் தகுதித் தாளில் 40 விழுக்காடு எடுத்தால்தான் மற்ற விடைத்தாளே திருத்தப்படும். உங்களுக்கு அது சிரமமாக இராது.

முன்னுரிமை விஷயத்தில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். தமிழ் வழியில் படித்தோருக்கு அரசுப் பணியிடங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-இல் திருத்தப்பட்ட பிறகு, ஒரு பதவிக்குரிய கல்வித் தகுதி வரை எல்லாப் படிப்பையும் தமிழ் வழியிலேயே படித்திருக்க வேண்டும். பொறியியல் பட்டம் தகுதியாகக் கேட்கப்படும் பதவிக்கு, பட்டத்தை ஆங்கில வழியில் படித்த உங்களுக்கு இந்த முன்னுரிமை வராது. பத்தாம் வகுப்பைத் தகுதியாகக் கொண்ட பதவிகளுக்கு வரும். விண்ணப்பத்தில் தவறாகக் குறித்துவிட்டுச் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்ற ஒரு மாணவரை எனக்குத் தெரியும். அந்தத் தவறைச் செய்யாதீர்கள்.

கேள்வி: நான் இரண்டாம் ஆண்டு சிவில் மாணவி. கட்டட சைட்டில் வேலை பார்க்க விரும்புகிறேன். ‘பெண்பிள்ளைக்கு சைட் ஒத்துவராது, ஆபீசில் வரைபடம் போடும் வேலை பார்’ என்று சித்தப்பா சொல்கிறார். அவர்தான் எனக்குப் பணம் கட்டுகிறார்.
– புதுக்கோட்டை

பதில்: சித்தப்பாவிடம் ஒரு பழைய செய்தியைச் சொல்லுங்கள், அம்மா. 1940-களின் தொடக்கத்தில் கிண்டி பொறியியல் கல்லூரியில் முதன்முதலாகப் பெண்கள் மூவர் சேர்ந்தார்கள்: மின்பொறியியலுக்கு ஏ. லலிதா, சிவிலுக்கு பி.கே. திரேசியாவும் லீலம்மா ஜார்ஜும். பட்டச் சான்றிதழ்களில் ஆண்பாலில் அச்சாகியிருந்த சொல்லை அடித்துவிட்டுக் கையால் பெண்பாலாகத் திருத்திக் கொடுத்தார்கள். ஏனென்றால் அதுவரை வேறு மாதிரி அச்சிட வேண்டிய தேவையே எழவில்லை. அந்தத் திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

எனினும் சித்தப்பாவின் கவலையை முழுக்கத் தள்ளிவிடவும் நான் தயாரில்லை. பல சைட்டுகளில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. இரவில் கான்கிரீட் போடும் நாளில் வீடு திரும்ப வண்டி கிடையாது. நேர்முகத் தேர்வில் இவ்விரண்டையும் கூச்சப்படாமல் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் நிறுவனம் எப்படிப்பட்டது என்பது அங்கேயே தெரிந்துவிடும். அதற்கு முன், இந்த விடுமுறையிலேயே உங்கள் ஊரில் நடக்கும் ஏதாவதொரு கட்டட வேலையில் இரண்டு வாரம் நில்லுங்கள். கான்கிரீட்டின் இளக்கத்தைச் சோதிக்கும் ஸ்லம்ப் கூம்பைத் தூக்கியதும் கலவை எவ்வளவு சரிகிறது என்று அளப்பதும், 150 மில்லிமீட்டர் கான்கிரீட் கனசதுரங்களில் தேதி எழுதி 28 நாள் நீரில் போடுவதும் உங்கள் கையால் நடக்கட்டும். முடிந்தால் ஒரு நாள் சித்தப்பாவையும் அழைத்துப்போய்க் காட்டுங்கள். நான் ஆயிரம் வரி எழுதுவதைவிட அவர் நேரில் பார்ப்பது நல்லது.

கேள்வி: இறுதியாண்டு இ.சி.இ. படிக்கிறேன். ஜெர்மனியில் எம்.எஸ். இலவசம் என்று ஒரு கன்சல்டன்சியில் சொல்கிறார்கள். போகலாமா?
– திருநெல்வேலி

பதில்: இலவசம் என்ற சொல்லை மெதுவாகப் படியுங்கள். அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பது சரி. ஆனால் பாடன்-வூர்ட்டெம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது கட்டணம் வாங்குகிறது. விசாவுக்கு முன் முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் ஓராண்டுச் செலவுத் தொகையைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோ ஆயிற்று. ஒரு யூரோவுக்கு நூறு ரூபாய் என்று கொண்டாலும் பன்னிரண்டு லட்சத்தை நெருங்குகிறது. அந்தப் பணம் உங்களுடையதுதான், மாதா மாதம் உங்களுக்கே திரும்பி வரும். ஆனால் முன்கூட்டியே கையில் வேண்டும். இந்திய மாணவர்களுக்கு, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படும் ஏ.பி.எஸ். சான்றிதழும் கட்டாயம், அதற்கு நாளாகும் என்பதால் முதலில் அதைத் தொடங்குங்கள். விண்ணப்பம் எதற்கும் இடைத்தரகர் தேவையில்லை. பல்கலைக்கழகங்களின் தளத்திலேயே எல்லாம் இருக்கிறது. பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், படித்து முடித்து அங்கே வேலை தேடும்போது ஜெர்மன் பேசத் தெரியாதது பெருந்தடையாகும். கன்சல்டன்சிக்குக் கட்ட நினைத்த தொகையை மொழி வகுப்புக்குக் கட்டுங்கள்.

கேள்வி: ஆய்வக ரெக்கார்டு நோட்டை சீனியர் நோட்டைப் பார்த்து எழுதினால் என்ன தவறு? எல்லோரும் அப்படித்தானே எழுதுகிறார்கள்?
– முதலாம் ஆண்டு மாணவர், சேலம்

பதில்: எண்ணெயின் பாகுத்தன்மையை ரெட்வுட் கருவியில் அளக்கும் சோதனைக்கு ஒருமுறை முப்பது ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்தினேன். அடை மழை பெய்த டிசம்பர் மாதம். இருபத்தொன்பது நோட்டுகளில் அறை வெப்பநிலை 34 டிகிரி என்று இருந்தது. அவற்றில் இரண்டில் முந்தைய ஆண்டின் தேதிகூட அப்படியே இருந்தது. முப்பதாவது நோட்டில் வரைபடத்தின் ஒரு புள்ளி மட்டும் வளைகோட்டை விட்டு விலகி நின்றது. அதன் பக்கத்தில் பென்சிலால், ‘இந்த அளவின்போது எண்ணெய் சிந்திவிட்டது, மறுபடி எடுக்க நேரம் இல்லை’ என்று எழுதியிருந்தது. அன்று முழு மதிப்பெண் அந்த ஒரு நோட்டுக்குத்தான் போட்டேன்.